சாராள் சொன்ன ஆமென்

"இந்த வருசம் கிறிஸ்மஸுக்கு நான் அடுப்பில கை வைக்கப்போறதில்ல, பாய். எங்க நாத்தனா எங்க வீட்டு அடுப்படியில உக்காந்து ஊருக்கே பலகாரம் சுடுவாக. நான் கோயில்ல முத பெஞ்சில காலு மேல காலு போட்டு உக்காந்து என் மக நாடகத்தப் பாப்பேன்."

எப்சிபா டீச்சர் இதைச் சொன்ன இடம் பாளையம்பட்டியில் ஜெய்னுலாப்தீனின் மளிகைக் கடை. காலம், எண்பத்தெட்டாம் வருஷத்து டிசம்பர் பிறந்த வாரம். சொன்னதும் தராசு நின்றுவிட்டது. உளுந்து வாங்க வந்தவர்கள் உளுந்தை மறந்தார்கள். கடை வாசலில் படுத்திருந்த நாய்கூட எழுந்து, டீச்சரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வேறு இடம் தேடிப் போனது.

ஜெய்னுலாப்தீன் நிதானமாகக் கேட்டார். "டீச்சரம்மா, அரையாண்டுப் பரீட்சைப் பேப்பரு ரொம்ப வந்துருச்சா?"

"பேப்பருக்கும் இதுக்கும் என்ன பாய்?"

"இல்ல, ரொம்பத் திருத்துனா தலைச்சூடு வருமாம். பரளச்சிப் பொட்டல்ல கப்பல் வந்து நிக்குதுன்னு சொல்லுங்க, கடையப் பூட்டிட்டு வந்து பாக்குறேன். அந்தம்மா அடுப்படிக்குப் போவாகன்னு மட்டும் என்கிட்டச் சொல்லாதீங்க."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை.

அவர் நம்பாததில் தப்பும் இல்லை. சாராள் என்பவள் டீச்சரின் புருஷன் துரைசிங்குக்கு அக்கா, காரியாபட்டியில் வாழ்க்கைப்பட்டவள். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது மதுரை பஸ்ஸில் வந்து இறங்குவாள். முதலில் குரல் இறங்கும், பிறகு காலி பிஸ்கட் டின்கள் இறங்கும், கடைசியில் அவள் இறங்குவாள். ஊர் திரும்பும்போது அந்த டின்கள் பலகாரத்தால் நிரம்பி, மூடி மூட மறுக்கும். அவளுடைய புருஷன் மட்டும் வரமாட்டார். வருஷம் முழுக்க அவர் முழங்காலில் நின்று கேட்டுக்கொள்வதே அந்த ஒரு வாரத்தைத்தான் என்று காரியாபட்டியில் பேச்சு.

இறங்கி வந்தவள் ரேடியோவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். அங்கிருந்தே அடுப்படியை ஆளுவாள். "எப்சிபா, எண்ணெய் காயல." "எப்சிபா, எண்ணெய் கருகுது." இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லக்கூடிய ஆள் தமிழ்நாட்டிலேயே அவள் ஒருத்திதான்.

டீச்சர் வீட்டு டிசம்பர் எப்படிப்பட்டதென்றால், அதை ஒரு மாதம் என்று சொல்வதே தவறு. பள்ளிக்கூடத்தில் பரீட்சைப் பேப்பர் கட்டுக் கட்டாக. வீட்டில் ஒரு மகளும், ஒருவனை அடித்தால் இன்னொருவன் அழுகிற மாதிரி இரண்டு பயல்களும். சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டும், தையல்காரரிடம் நடையாக நடக்க வேண்டும், மாவு மில்லில் வரிசையில் நிற்க வேண்டும். தீபாவளிக்குப் பக்கத்து வீட்டுச் சௌந்தரத்திடமிருந்து வந்த அதிரசம், ரம்ஜானுக்கு ஜெய்னுலாப்தீனின் வீட்டுக்காரி சபுரா பீவி கொடுத்துவிட்ட பிரியாணி என்று தெருவே தின்னக் கொடுத்த அத்தனைக்கும் பதில் தட்டு அனுப்பும் நாள் டிசம்பர் இருபத்தைந்து. மில்லில் ஃபிட்டராக இருந்த துரைசிங், கிறிஸ்துமஸ் வேலைகளில் தன் பங்காக ஒன்றை எடுத்துக்கொண்டிருந்தார்: நட்சத்திரம். மூங்கில் சிம்பும் கலர்ப் பேப்பரும் வைத்துக்கொண்டு மாதம் முழுக்க ஒரே ஒரு நட்சத்திரம் கட்டுவார். ஆண்டவர் வானத்து நட்சத்திரம் முழுவதையும் ஒரே நாளில் முடித்தவர். துரைசிங்குக்கு அந்த அவசரம் கிடையாது.

போன டிசம்பரில் தலைசுற்றி விழுந்த டீச்சரை அருப்புக்கோட்டையில் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். "டென்ஷனக் குறைங்கம்மா" என்றார் டாக்டர். பத்திரிகை ஒன்றில் வழியும் போட்டிருந்தார்கள்: கண்ணை மூடிப் பத்துவரை எண்ணுங்கள். டீச்சர் அடுப்பு முன்னால் கண்ணை மூடி எண்ணினாள். ஏழு வருவதற்குள் எண்ணெய் பொங்கி அடுப்பை அணைத்தது. அணைந்த புகையில் சின்னவன் பெரியவனின் தலையில் மாவைக் கொட்டியிருந்தான்.

இதெல்லாம்கூட மன்னிக்கக்கூடியது. மன்னிக்க முடியாதது ஒன்று இருந்தது.

மகள் பியூலா, கோயிலில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் போடும் கிறிஸ்து பிறப்பு நாடகத்தில் மூன்று வருஷமாக நடித்து வந்தாள். முதல் வருஷம் ஆடு. அடுத்த வருஷம் மேய்ப்பன். போன வருஷம் ஒட்டகத்தின் பின்னங்கால். மூன்றில் ஒன்றைக்கூட டீச்சர் பார்த்ததில்லை. இருபத்து நாலாம் தேதி சாயங்காலம் அவள் சேலை மாற்றக் கிளம்பும் நேரம் பார்த்துச் சாராள் நாற்காலியிலிருந்து எழுவாள். "நீ எண்ணெயப் பாரு புள்ள, நான் ஒரு எட்டு போயி பாத்துட்டு வந்துர்றேன்." போய், டீச்சருக்கென்று பிள்ளை பிடித்துவைத்த இடத்திலேயே உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவாள். போன வருஷம் வந்ததும் சொன்னாள்: "ஒன் மக பின்னங்காலு. முன்னங்காலுதான் நல்லா நடிச்சுச்சு." அப்புறம் தட்டிலிருந்து ஒரு முறுக்கை எடுத்துக் கடித்து, கோயில் பெண்கள் நாலு பேர் பார்க்கக் கையில் துப்பி, "இத மில்லுல அரைச்சியா, கல்லுக்குவாரியில உடைச்சியா?" என்றாள்.

அந்தக் கேள்வி பாளையம்பட்டியில் ஒரு வருஷம் ஓடியது. டீச்சர் அதை உள்ளே மடித்து வைத்துக்கொண்டாள்.

இந்த வருஷம் பியூலா மரியாள்.

கடையில் சவடால் விட்டுவிட்டாளே தவிர, டீச்சர் கையில் திட்டம் என்று எதுவும் இல்லை. கோபத்தில் வாய் முந்திக்கொண்டது. தெருவைத் தாண்டி எதிரே தன் வீட்டுப் படி ஏறுவதற்குள் அது தெரிந்துவிட்டது. ஆனாலும் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க அந்தக் கடைக்குள் நுழைவதைவிட, சாராளை அடுப்படிக்குள் நுழைப்பது லேசு என்று பட்டது.

சாராள் வந்து இறங்கினாள். நாற்காலியில் அமர்ந்தாள். முறுக்கு பிழியும் உழக்கைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினாள்.

"இன்னும் அச்சில வச்சுத்தான் பிழியுறியா? எங்க வீட்டுல எல்லாம் கைமுறுக்குதான். வெறும் விரலால சுத்தணும். அஞ்சு சுத்து. நான் ஒக்காந்தேன்னு வையி, ஒரு மூட மாவு மாயமாப் போயிரும்."

"எங்க ஒருநாளும் ஒக்காரலையே, மதினி."

"நேரம் வரணும்ல."

டீச்சர் அந்த ஒரு மூட மாவை மனசுக்குள் குறித்துக்கொண்டாள். அன்றைக்கு மட்டும் அவளுக்குத் தலைசுற்றவில்லை.

மறுநாள் பொழுது சாய்கிற நேரத்தில் கேரல் பாட்டுக்காரர்கள் வந்தார்கள். பாளையம்பட்டியில் அவர்களுக்கு முதல் வீடு டீச்சர் வீடுதான். அங்கே தொடங்கித்தான் மற்ற வீடுகளுக்கும் ஊர்களுக்கும் போவார்கள். டிரம், கஞ்சிரா, சுருதி சேராத ஒரு ஆர்மோனியம், இருபது குரல், அத்தனைக்கும் முன்னால், கோயிலை நடத்தும் உபதேசியார் ஏசுவடியான். பாட்டு முடிந்து டீயும் முறுக்கும் சுற்றி வந்தபோது, சாராள் தன் வழக்கப்படி ஆரம்பித்தாள்.

"கடிச்சுப் பாத்துப் பல்லப் பாத்துக்கிருங்க, உபதேசியாரே. எங் கைமுறுக்கச் சாப்பிட்டீகன்னா இதத் தொடமாட்டீக."

டீச்சர் டீ டம்ளர் தட்டோடு நின்றாள். "எங்க ஊருக்குக் குடுத்து வைக்கலையே, மதினி. எல்லாரும் ஏங்கித்தான் கெடக்காக."

இருபது முகமும் திரும்பிப் பார்த்தன. சாராளுக்கு இருபது முகம் பார்த்தால் போதும். "கர்த்தருக்குச் சித்தமானா இந்த ஊருக்கே ஒருநாள் என் கையால சுட்டுப் போடுவேன்" என்றாள். கர்த்தர் தலையில் போட்டுவிட்டால் தேதி சொல்ல வேண்டாம் என்பது அவள் கணக்கு.

உபதேசியார் டம்ளரை வைத்தார். வீட்டுக்கு வீடு பாட்டு முடிந்ததும் ஜெபம். ஜெபத்துக்கு முன்னால் அந்த வீட்டுக் குறைநிறைகளைக் கேட்டுக்கொள்வார். "ஜெபக்குறிப்பு ஏதும் உண்டா, டீச்சர்?"

மற்ற வருஷங்களில் டீச்சர் இரத்த அழுத்தத்தைச் சொல்வாள். இந்த வருஷம் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, கோயில் பூனை மாதிரி குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"மதினிக்காக ஜெபம் பண்ணுங்க ஐயா. இந்தக் கிறிஸ்மஸுக்கு ஊருக்கே தன் கையால கைமுறுக்கு சுட்டுப் போடணும்னு அவுக மனசில ஒரு எண்ணம். இப்ப உங்க காதாலயே கேட்டீக. அத ஆண்டவருக்கு நேந்துக்கிட்ட பொருத்தனையா எடுத்துக்கிட்டு, அவுகளுக்குச் சரீர பெலன் கேளுங்க."

"அப்படியா" என்று நெகிழ்ந்து உபதேசியார் கண்ணை மூடினார். இருபது பேரும் மூடினார்கள். சாராளும் மூடினாள்; ஜெபம் என்றதும் தானாக மூடிக்கொள்ளும் கண் அது.

உபதேசியார் ஏசுவடியானின் ஜெபத்தை அளக்க நாழிகை போதாது. மாவை ஆசீர்வதித்தார். எண்ணெயை ஆசீர்வதித்தார். சாராளின் பத்து விரலையும் தனித்தனியாகப் பேர் சொல்லாத குறையாக ஆசீர்வதித்தார். ஒவ்வொன்றுக்கும் கூட்டம் ஆமென் சொன்னது. அதில் எல்லாக் குரலையும் அமுக்கிக்கொண்டு மேலே எழும்பியது சாராளின் ஆமென். அவள் ஆமென் எட்டூருக்குப் பேர்போனது. காரியாபட்டியில் அவள் ஆமென் சொன்னால், கோயில் உச்சியில் இருக்கும் புறாக்கள் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் போய்த்தான் இறங்கும். நாற்பது வருஷப் பழக்கம். உபதேசியார் மூச்சுவிட்டால் அவள் வாய் ஆமென் சொல்லும், காதும் மூளையும் பின்னால் ஆடி அசைந்து வரும்.

"இந்தப் பொருத்தனையைத் தம்முடைய அடியாள் இந்தக் கிறிஸ்துமஸிலேயே, தன் சொந்தக் கரத்தினாலேயே நிறைவேற்றக் கிருபை செய்யும்."

"ஆமென்" என்றாள் சாராள். ஓட்டில் படிந்திருந்த தூசு உதிர்ந்தது.

உதிர்ந்த பிறகுதான் அவள் கண் திறந்தது. டீச்சர் இதற்காகவே கண்ணை மூடாமல் இருந்தாள். நாத்தனார் முகத்தில் அந்த ஆமென் வாயிலிருந்து காதுக்கும், காதிலிருந்து நெஞ்சுக்கும், நெஞ்சிலிருந்து முழங்காலுக்கும் இறங்கிப் போனதை ஒவ்வொரு ஸ்டாப்பாகப் பார்த்தாள். மூன்று வருஷத்துப் பசிக்கு அது ஒரு விருந்து.

"அது வந்து உபதேசியாரே, நான் சொன்னது என்னன்னா…"

"தாழ்மை, தாழ்மை" என்று கும்பிட்டுவிட்டு உபதேசியார் அடுத்த வீட்டுக்குக் கிளம்பினார்.

போன வீட்டில் எல்லாம் சாராளின் பொருத்தனைக்கும் சேர்த்து ஜெபம் நடந்தது. மறுநாள் திருச்சுழிச் சபையில் பேச்சு. அதற்கடுத்த நாள் காரியாபட்டியிலிருந்து அவள் புருஷனே ஆள் அனுப்பிச் சொன்னார், இப்படி ஒரு பெண்சாதி கிடைத்ததற்கு ஸ்தோத்திரம் என்று. வேலை முடியாவிட்டால் தைமாதம் வரை இருந்து நிதானமாக முடித்துவிட்டு வரச்சொல்லியும் சொன்னார்.

சாராள் முழங்காலைப் பிடித்துப் பார்த்தாள். "வலிக்குது புள்ள."

"உபதேசியாரக் கூப்பிட்டு இன்னொரு ஜெபம் வச்சிரலாமா, மதினி?"

வலி உடனே நின்றது.

அப்படித்தான் சாராள் டீச்சர் வீட்டு அடுப்படியில் மணைப்பலகை போட்டு உட்கார்ந்தாள். கருவேல விறகு மழையில் நனைந்திருந்தது. ஊதினால் புகை, ஊதாவிட்டால் அதைவிடப் புகை. டீச்சர் ரேடியோவுக்குப் பக்கத்து நாற்காலியை அடுப்படி நிலைக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டு, மடியில் பரீட்சைப் பேப்பரும் கையில் சிவப்பு மைப் பேனாவுமாக அமர்ந்தாள்.

"மதினி, எண்ணெய் காயல."

சாராள் திரும்பிப் பார்த்தாள்.

"மதினி, எண்ணெய் கருகுது."

முதல் ஈடு முறுக்கு அவிழ்ந்து எண்ணெயில் கயிறாக மிதந்தது. இரண்டாவது ஈடு வெந்தது. ஆனால் அதைக் கதவு இடுக்கில் வைத்துத்தான் உடைக்க முடிந்தது. டீச்சர் ஒரு துண்டை வாயில் போட்டாள். நிதானமாக மென்றாள். ஒரு வெள்ளைத் தாளில் சிவப்பு மையால் எழுதி, பெரியவனிடம் கொடுத்து அத்தையிடம் காட்டச் சொன்னாள். நூற்றுக்கு முப்பத்து நான்கு.

"பாஸ் மார்க்கு முப்பத்தஞ்சு, மதினி. திரும்ப எழுதுங்க."

பேப்பர்க் கட்டுகள் மளமளவென்று குறைந்தன. பாஸாகாத பிள்ளைகள்கூட அந்த வருஷம் பாஸானார்கள். டீச்சரின் மனது அவ்வளவு குளிர்ந்து கிடந்தது. இரத்த அழுத்த மாத்திரை டப்பாவைப் பயல்கள் கிலுகிலுப்பையாக ஆட்டி விளையாடினார்கள், யாரும் தேடவில்லை. துரைசிங் ஒருமுறை அடுப்படியை எட்டிப் பார்த்தார். அக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டு மாவு உருட்டுவதையும் பெண்டாட்டி அட்டணக்கால் போட்டுப் பாட்டுக் கேட்பதையும் கண்டு, நட்சத்திரத்துக்கே திரும்பிப் போனார். பயத்தில் அன்றைக்கே அதைக் கட்டி முடித்தும்விட்டார்.

எதிர்க் கடையில் ஜெய்னுலாப்தீன் மட்டும் அசையவில்லை. சபுரா பீவி கொல்லைப்பக்கமாக எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

"அந்தம்மாதாங்க சுடுது. மூஞ்சியெல்லாம் மாவு."

"சும்மா பக்கத்துல நின்னுருக்கும். சுடுறது டீச்சரம்மா."

"டீச்சரம்மா நாக்காலியில இருக்காக."

"அப்ப டவுன்ல வாங்கியாந்து வச்சிட்டு, அடுப்ப மட்டும் எரிய விட்டுருப்பாக. இது டீச்சரம்மா மூளை. அவுக எட்டாங்கிளாஸுக்குக் கணக்கு எடுக்குறவுக."

கடைக்கு வந்தவர்களிடமும் அதையே சொன்னார். தெருவில் பாதி அவர் பக்கம் சாய்ந்தது.

இருபத்து நாலாம் தேதி வந்தது. பிற்பகலுக்கே டீச்சர் பியூலாவுக்கு நீலத் தாவணியை முக்காடாகப் போட்டு, ஊக்கு குத்தி, கோயிலுக்கு அனுப்பிவிட்டாள். போகும்போது பிள்ளை நிலைப்படியில் நின்று கேட்டாள்.

"நீங்க வருவீங்களாம்மா, இல்ல அத்தைதான் வருவாகளா?"

டீச்சர் பதில் சொல்வதற்குள் அடுப்படியில் மணைப்பலகை நகரும் சத்தம் கேட்டது. சாராள் எழுந்து கையைத் தட்டிக்கொண்டிருந்தாள். மாவுக்கு அடியிலும் அவள் முகத்தில் பழைய வெளிச்சம் வந்திருந்தது.

"பாதி முடிச்சிட்டேன்ல. நீ எண்ணெயப் பாரு புள்ள, நான் ஒரு எட்டு போயி பாத்துட்டு வந்துர்றேன்."

துரைசிங் வாசலில் நின்றார். "அக்கா ரொம்ப ஆசைப்படுது…" என்று ஆரம்பித்தவர், பெண்டாட்டி திரும்பிப் பார்த்த பார்வையில் மிச்சத்தை விழுங்கினார்.

டீச்சர் நாத்தனாரின் அருகில் போனாள். அவள் தோளில் ஒட்டியிருந்த மாவை அன்பாகத் துடைத்துவிட்டாள். அந்த அன்பைப் பார்த்திருந்தால் பாம்பும் பயந்திருக்கும்.

"போங்க மதினி. எனக்கென்ன. ஆனா சொந்தக் கரத்தினாலேன்னு சபை முன்னால ஜெபிச்சாச்சு. நீங்கதான் பெருசா ஆமென் சொன்னீக. ஊடால இன்னொருத்தி கரண்டியத் தொட்டா பொருத்தனை செல்லாது. முதல்ல இருந்துல்ல சுடணும்? உபதேசியாரும் கோயில்லதான் இருப்பாக. ஒரு வார்த்த கேட்டுட்டே வாங்க."

சாராள் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தாள். மலையாகக் கிடந்த மாவைப் பார்த்தாள். தட்டிவிட்ட கையில் மறுபடி மாவைத் தொட்டுக்கொண்டாள். மெல்ல மணைப்பலகையில் உட்கார்ந்தாள்.

டீச்சர் மகளிடம் திரும்பினாள். "நான் வாரேன். முத பெஞ்சு."

அவள் மாம்பழக் கலர்ப் பட்டைக் கட்டிக்கொண்டு, பயல்களை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்து போனதை ஜெய்னுலாப்தீன் கடையிலிருந்து பார்த்தார். டீச்சர் தெருமுனை தாண்டி மறைந்தாள். ஆனால் அவள் வீட்டுப் புகைக்கூண்டிலிருந்து புகை நிற்கவில்லை. எண்ணெயில் மாவு விழும் சத்தமும் நிற்கவில்லை. அவர் கல்லாவைப் பூட்டினார்.

கோயிலில் டீச்சர் முதல் பெஞ்சில் காலுக்கு மேல் கால் போட்டு அமர்ந்தாள். யோசேப்பின் தாடி ஒருபக்கமாகக் கழன்று தொங்கியது. பாலன் இயேசுவாக உபதேசியார் வீட்டுச் சின்னத் தலையணை துணியில் சுற்றிக் கிடந்தது. நீல முக்காட்டோடு வந்த மரியாள் மேடையில் கால் வைத்ததும் செய்த முதல் காரியம், முதல் பெஞ்சைத் தேடியது. கண்டாள். தேவதூதன் வந்து சேதி சொல்லிக்கொண்டிருக்க, மரியாள் தன் வசனத்தை மறந்து, பல்லெல்லாம் தெரிய அம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நின்றாள். தேவதூதன் அதே சேதியை மூன்று தரம் சொல்ல வேண்டியதாயிற்று. டீச்சருக்குக் கண் நிறைந்து வழிந்தது. துடைக்கவில்லை, துடைக்கும் நேரத்தில் எதையாவது விட்டுவிட்டால் என்ன செய்வது.

வீட்டுக்கு வந்தபோது கொல்லை வாசலில் ஒரு கூட்டம் நின்றது. ஜெய்னுலாப்தீன், சபுரா பீவி, கடையில் அவர் பக்கம் சாய்ந்திருந்த பாதித் தெரு. உள்ளே சாராள் கடைசி ஈட்டை வடித்துக்கொண்டிருந்தாள். அண்டா நிறையக் கைமுறுக்கு; அஞ்சு சுத்து, ஒன்றுபோல் ஒன்று, பொன் நிறம். டீச்சர் ஒன்றை எடுத்துக் கடித்தாள். முப்பத்து நாலு போட வேண்டும் என்றுதான் நினைத்தாள். நாக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பாதகி நிஜமாகவே கெட்டிக்காரி. முதல் ஈடுகள் கெட்டது கைக்குப் பழக்கம் விட்டுப்போனதால்தான். இத்தனை வருஷம் நாற்காலியில் உட்கார்ந்து ஒளித்து வைத்திருந்திருக்கிறாள். டீச்சருக்கு ஒரு கணம் வயிறு எரிந்தது; மறுகணம், இதைத் தின்ற ஊர் இனி அவளை எந்த டிசம்பரிலும் நாற்காலியில் விடாது என்பது தோன்ற, எரிந்த வயிறு குளிர்ந்தது.

"நாடகம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள் சாராள், புகையில் சிவந்த கண்ணோடு.

"நீங்க வந்து பாத்திருக்கணும், மதினி" என்றாள் டீச்சர்.

பிறகு அவள் கொல்லை வாசலுக்குத் திரும்பினாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். ஜெய்னுலாப்தீன் கையில் பாதி முறுக்கு இருந்தது, மீதிப் பாதி வாயில். அவர் அதை மென்று முடித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, கூட்டத்துக்கும் கேட்கும்படி சொன்னார்.

"நெசந்தான். டீச்சரம்மா கோயிலுக்குப் போனதயும் பாத்தேன், அந்தம்மா இங்க குத்தவச்சுச் சுட்டதயும் என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். இது நடந்துச்சுப்பா."